கீப்பர் சொன்னால் கோல்

ஒன்பது வருஷம் அந்த மனுஷனுக்கு முன்னால் நின்று பந்து விளையாடியிருக்கிறேன். நான் பேக், அவர் கீப்பர். அவருக்குத் தெரிந்தது என் முதுகு, எனக்குத் தெரிந்தது அவர் குரல். இன்றைக்கும் தெருவில் யாராவது பின்னாலிருந்து "ஏலே" என்று கத்தினால் என் கால் தானாக வலப்பக்கம் ஒரு எட்டு நகர்ந்துவிடும். என் பெண்டாட்டி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தக் குரலுக்கு அடங்கி நின்றவனுக்குத்தான் தெரியும்.

பேர் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. செக்ரோலில், அதாவது எஸ்டேட் ஆள் பதிவேட்டில், அவருக்கு ஒரு பேர் இருந்தது. சம்பள நாளில் கிளார்க்கு அந்தப் பேரைக் கூப்பிட்டால் இவர் பேசாமல் நிற்பார். பக்கத்தில் நிற்பவன் விலாவில் இடித்து, "கீப்பரண்ணே, ஒங்களத்தான் கூப்பிடுதாரு" என்று சொல்ல வேண்டும். பெரியவர், சின்னவர், டிஸ்பென்சரி கம்பவுண்டர், எல்லோருக்கும் அவர் கீப்பர்தான். அவர் மனைவிகூடக் கொழுந்து எடுக்கிற இடத்தில் "எங்க வீட்டுக் கீப்பரு" என்றுதான் பேசுவாள். அதில் பெருமை எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கீப்பர் என்றால் நெட்டையாக ஒரு ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். குட்டை. நல்ல அகலம். கை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல நீளம். ஃபேக்டரியில் அடுப்புக்காரர் வேலை. தேயிலை காய்கிற டிரையருக்குச் சூடு போகிற பெரிய அடுப்பில் கிராண்டிஸ் என்கிற தைல மரக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அனலில் அவருக்குப் புருவம் பாதி கருகிப் போயிருக்கும். கருகின புருவத்தோடு அவர் முறைத்தால் எதிர் டீம் பையன்கள் பயப்படுவார்கள். அவர் முறைக்கவே இல்லை, முகமே அப்படித்தான் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மேலே, ஒரு குன்றின் தலையைச் சீவி எடுத்து அந்தக் காலத்துத் துரை ஒருத்தர் உண்டாக்கின மைதானம். மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. ஒரு பக்கம் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்குகிற கல் படிகள். கோல் கம்பங்கள் கிராண்டிஸ் மரம். வலை கிடையாது. கட்டின வலை எல்லாம் ஒரே மழைக்காலத்தில் மக்கிப்போய், பிறகு கட்டுவதையே விட்டுவிட்டார்கள். ஆகவே கம்பத்தைத் தாண்டிப் போன பந்து நேரே சரிவில் உருண்டு செடிக்குள் விழும். கம்பத்துக்கு உள்ளே போய் விழுந்ததா, வெளியே போய் விழுந்ததா என்று பந்தைக் கேட்டால் அது சொல்லாது.

வெயில் இருந்தால் அதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் எஸ்டேட் கப் நடப்பது மழை ஓய்கிற காலத்தில். மத்தியானம் இரண்டு மணிக்குப் பளிச்சென்று இருக்கும் மைதானத்தில் மூன்று மணிக்கு மஞ்சு இறங்கிவிடும். மூடுபனியை நாங்கள் மஞ்சு என்றுதான் சொல்வோம். இறங்கினால் ஒரு கோலிலிருந்து மற்றக் கோல் தெரியாது. நடுவில் நிற்கிற ரெஃபரிக்கு இரண்டும் தெரியாது. ஒரு பக்கத்துக்காரன் "கோல்" என்பான், மற்றவன் "வெளிய" என்பான், சட்டையைப் பிடிப்பார்கள். பந்தைவிட அடிதடிதான் அதிகம் என்று ஆகிவிட்ட சமயத்தில்தான் இவர் கீப்பராக வந்து சேர்ந்தார். அப்போது மீசை அரும்பின பையன். ரெஃபரியாக நின்றது அப்போது மேனேஜராக இருந்த துரையே.

அந்த முதல் ஆட்டத்தில் நான் இல்லை, நான் அப்போது பிறந்திருந்தால் அதிகம். ஆனால் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மஞ்சில் பந்து செடிக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். துரை நேரே இவரிடம் வந்து, தன்னுடைய தமிழில், "கோல் போச்சா?" என்றாராம். "போச்சு தொரை" என்று இவர் சொல்லியிருக்கிறார். தன் டீமுக்கு எதிராக! துரைக்கு நம்பிக்கை வரவில்லை. "நீ பாத்தியா?" என்று மறுபடி கேட்டார். "பாத்தேன் தொரை." அவ்வளவுதான். விசில் ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்து இறங்கும்போது சொந்த டீம்காரர்களே இவரைப் படியில் உருட்டிவிடப் பார்த்தார்களாம்.

அன்றிலிருந்து அது எங்கள் மைதானத்து வழக்கம். மஞ்சு விழுந்தால் கீப்பரைக் கேட்கிறது. கேள்வி இரண்டு. கோலா? நீ பார்த்தாயா? மற்ற டீம் கீப்பர்களையும் கேட்பார்கள். அவர்கள் எல்லாம் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி, "வெளிய சார், நல்லா வெளிய" என்பார்கள். எவனும் நம்புவதில்லை, லைன்ஸ்மேனைத் தேடிப் போவார்கள். இவர் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது. "கீப்பர் சொன்னா கோல்" என்று எஸ்டேட்டில் வேறு எதற்கெல்லாமோ சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணத் தேதி முடிவானாலும் சரி, யூனியன் தலைவர் ராஜினாமா என்று செய்தி வந்தாலும் சரி, "கீப்பர் சொன்னாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

எனக்கோ அவர்மேல் முதல் இரண்டு வருஷம் கோபம்தான். உயிரைக் கொடுத்து ஓடி, முழங்கால் தேய்ந்து, பந்தை வெளியே தள்ளிவிட்டு மூச்சு வாங்கினால், பின்னாலிருந்து சாவதானமாக, "உள்ள போயித்தாம்லே வெளிய வந்துச்சு" என்று ஒரு குரல் வரும். கேட்கிறவர்கள் யாரும் இல்லையென்றால்கூடப் பரவாயில்லை, ரெஃபரி காதில் விழும்படி சொல்வார்! "அண்ணே, நீங்க எந்த டீமுண்ணே?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "ஒன் டீம்தாம்லே. அதுக்காகப் பாத்ததை என்ன செய்யச் சொல்லுத?" என்றார்.

பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வதாவது போகட்டும். பார்க்காததைப் பார்த்தேன் என்றும் சொல்ல மாட்டார். அதுதான் வீட்டில் வினையானது. அவர் மச்சினன், மனைவியின் சொந்தத் தம்பி, எஸ்டேட் லாரி டிரைவர். ஒருநாள் பந்துக்குள் போடுகிற பிளாடர் வாங்க அவனோடு லாரியில் ஏறி போடிக்கு இறங்கினார். போடிமெட்டு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த ஜீப்பில் லாரி உரசிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஜீப்பின் ஒரு பக்கம் நசுங்கியது. ஜீப்புக்காரர் புகார் கொடுக்க, ஆபீசில் விசாரணை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே சாட்சி இவர். "ஜீப் தப்பான சைடுல வந்துச்சு" என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் மச்சினன் தப்பித்தான். வீட்டில் சோறு போடும்போதே அவர் மனைவி, எனக்கு மதினி, சொல்லியனுப்பியிருக்கிறாள்.

இவர் போய், "பாக்கல சார். நான் பள்ளத்துப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மச்சினனை லாரியிலிருந்து இறக்கி மருந்தடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். முதுகில் டின்னைச் சுமந்துகொண்டு அவன் இவர் வீட்டு வழியாகவே போவான். அந்த மழைக்காலம் முழுக்க மதினி இவரிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தட்டை மட்டும் ஒரு சத்தத்தோடு தள்ளுவாளாம்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. ஃபேக்டரி அடுப்படிக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஒரு வார்த்தை பாத்தேன்னு சொன்னா என்னண்ணே கொறஞ்சு போச்சு?"

"பாக்கலையேலே."

"ஒங்க மச்சினன்ணே. வீட்டுப் பிள்ள."

"மச்சினன்தான். தங்கமான பயதான். ஆனா நான் பாக்கலையே."

கட்டையைத் தூக்கி அடுப்புக்குள் தள்ளினார். முகம் கறுத்துப்போய் இருந்தது. மச்சினனை அவர்தான் தூக்கி வளர்த்தார், அந்த வருத்தம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அவர் செய்தது சரியென்று நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு மனுஷனோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறவளின் பாட்டை நினைத்தால் எனக்கு மதினி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இவருக்கும் வாழ்க்கையில் ஆசை என்று ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்றுதான். அதை விதைத்துவிட்டுப் போனதும் அந்தத் துரைதான். துரையின் ஊரில், அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஒரு கீப்பர் இருந்தானாம். நடுவில் பெரிய யுத்தம் வந்து நாலு வருஷம் பந்தாட்டமே நின்றுபோயிற்றாம். யுத்தம் முடிந்து ஆட்டம் திரும்பத் தொடங்கினபோது பார்த்தால் மறுபடியும் அவனே கோலில் நிற்கிறானாம். கூட ஆடினவர்கள் எல்லாம் பேரன் எடுத்துவிட்டார்கள், இவன் மட்டும் நாற்பத்தாறு வயது வரைக்கும் நின்றானாம். பேரையும் துரை சொன்னார், இவர் வாயில் நுழையவில்லை. "அந்த வெள்ளைக்காரன்" என்பார், அவ்வளவுதான். அடுத்த லயத்தில் குடியிருக்கிறவனைச் சொல்வதுபோலச் சொல்வார். "அந்த வெள்ளைக்காரன் மழைன்னா ஒதுங்க மாட்டானாம்லே." "அவன் ஊர்ல மஞ்சு நம்ம ஊரவிடக் கூடவாம்." துரை கப்பலேறிப் போய், அவருக்குப் பின்னால் நாலு மேனேஜர் மாறியும், இவர் மனசில் அந்த ஆள் கோலை விட்டு நகரவே இல்லை.

அவனைத் தாண்ட வேண்டும். நாற்பத்தேழில் ஒரு எஸ்டேட் கப்பாவது நிற்க வேண்டும். இதுதான் ஆசை. லயத்தில் பொடியன்களுக்குக்கூட இது தெரியும்.

செக்ரோல் கணக்குப்படி பார்த்தால் அவர் எப்போதோ தாண்டிவிட்டார். பெரியாள் சம்பளம் கிடைக்கட்டும் என்று கங்காணி அந்தக் காலத்தில் அவருக்கு இரண்டு வயது கூட்டிப் போட்டிருந்தார். "அப்புறம் என்ன கீப்பரே, ஜெயிச்சாச்சே, ஒரு டீ வாங்கிக் குடும்" என்று ஹெட் கிளார்க்கு கேலி பண்ணினார். அவர்தான் எங்கள் டீமுக்குச் செக்ரட்டரி. இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கங்காணி என்ன, நான் பொறந்ததைப் பாத்தவரா? பாத்தவ எங்கம்மா. அவ சொன்னதுதான் கணக்கு." அம்மா கணக்குப்படி நான் சொல்லப்போகிற அந்த வருஷம் அவருக்கு நாற்பத்தாறு. வெள்ளைக்காரனைத் தொட்டாயிற்று. இன்னும் ஒரு வருஷம் நின்றால் தாண்டியாயிற்று.

அதற்கு முந்தின வருஷமே குரல் மாறியிருந்தது. முன்னெல்லாம் பின்னாலிருந்து உத்தரவாக வரும். "வலத்த வாரான், விடாத!" "ஒம் முதுகுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான் பாரு!" என் கண்ணை முந்திக்கொண்டு அவர் குரல்தான் ஓடும். திடீரென்று ஒருநாள் அதே குரல், "யாருலே வாரா?" என்று கேட்டது. என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, "பந்து எங்கலே?" என்றது. உயரமாக வருகிற பந்துக்குக் கை ஒரு நொடி தாமதமாகப் போயிற்று. வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் ஃபேக்டரியில் டீ டம்ளரோடு அவர் எதிரே போய் நின்றேன். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து, "வாங்க கிளார்க்கையா" என்றார். "அண்ணே, நாந்தாண்ணே" என்றேன். மறுபடி உட்கார்ந்தார். ஒரு கட்டையை எடுத்துப் போட்டார்.

"நெருப்பு மட்டும் நல்லாத் தெரியுதுலே. மத்ததெல்லாம் கொதிக்கிற வெந்நிப் பானைக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கு."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியும். சோத்துல கல்லு வராம பாத்துக்கிடுதா. ஒண்ணும் கேக்க மாட்டேங்கா."

மதுரைக்குப் போவோம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்று கெஞ்சினேன். "போனா அறுக்கணும்பான். அறுத்தாக் கண்ணாடி. கண்ணாடி போட்டுக்கிட்டு எவம்லே கோல்ல நின்னான்? நாப்பத்தேழு வயசுக் கப்பு முடியட்டும். மறாநா வண்டி ஏறுதேன்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "நீ முன்னால நின்னு சொல்லிக்கிட்டே இரி. இத்தன வருசம் நான் ஒனக்குச் சொன்னேம்லா" என்றார். அந்த மனுஷன் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. முடியாது என்று எப்படிச் சொல்ல?

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் ஆடினோம். "எடத்த!" "ஒசரம்!" "காலுக்கு வருது!" என்று நான் கத்துவேன். அவர் விழுவார். தரையில் பந்து வந்தால் காதாலேயே கண்டுபிடிப்பார். நனைந்த தோல் பந்து தொப்பு தொப்பென்று வருமே, அந்தச் சத்தம் போதும். நான் வாய் ஓயாமல் கத்துவதைப் பார்த்து ஹெட் கிளார்க்கு, "பரவாயில்லையே, இவனுக்குப் பொறுப்பு வந்திருச்சே" என்று மெச்சினார். மஞ்சு விழுகிற நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். அன்றைக்கு மைதானத்தில் இருக்கிற எல்லோரும் அவர் மாதிரிதான். மற்றவர்கள் தடுமாறுவார்கள், இவர் பழகினவர், நிதானமாக நிற்பார்.

பார்க்காததைச் சொல்லாத மனுஷன் இதை மட்டும் எப்படி மறைத்தார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். படியில் உட்கார்ந்து பூட்ஸ் சகதியைச் சுரண்டிக்கொண்டே, "யாரும் கேக்கலையேலே. கேட்டாச் சொல்லுவேன்" என்றார். அதைக் கேட்டபின் எனக்கு ஒவ்வொரு ஆட்டமும் ஒரு பரீட்சைதான். மஞ்சில் செடிக்குள் போகிற பந்து மட்டும் வந்துவிடக் கூடாதே சாமி என்று வேண்டிக்கொள்வேன். ஃபைனல் வரைக்கும் வரவில்லை.

ஃபைனல் எங்கள் மைதானத்தில், பள்ளிவாசல் டீமோடு. ரெஃபரி பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர். முதல் பாதியில் ஆளுக்கு ஒரு கோல். இரண்டாம் பாதி தொடங்கினதும் மஞ்சு சரிவில் ஏறி வந்து மைதானத்தை மூடியது. சுற்றி நின்ற கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது, ஒரு முகம் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான். சமமாக முடிந்தால் இன்னொரு நாள் ஆடலாம். நான் கம்பத்தை ஒட்டி நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். மஞ்சைக் கிழித்துக்கொண்டு ஒரு பந்து வந்தது. "வலத்த!" என்றேன். வலப்பக்கம்தான் விழுந்தார். கை எட்டவில்லை. கம்பத்துக்கு உள்பக்கமாக, ஒரு சாண் விட்டு, என் கண்ணுக்கு முன்னால் பந்து போய்ச் செடிக்குள் விழுந்தது.

"கோல்!" என்று அவர்கள் குதிக்கிறார்கள். "வெளிய! வெளிய!" என்று எங்கள் ஆட்கள், ஒருத்தனும் பார்க்காமலே கத்துகிறார்கள். டிரில் மாஸ்டர் மஞ்சுக்குள்ளிருந்து ஓடி வந்தார். எல்லோரையும் கையால் ஒதுக்கினார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான வழக்கம், யாரும் வாய் திறக்கவில்லை.

"கோலாணோ, கீப்பரே?"

கீப்பர் சகதியிலிருந்து எழுந்தார். ரெஃபரியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஏலே, நீ பாத்தியா?" என்றார்.

"உள்ளதாண்ணே" என்றேன்.

"கோல் சார்" என்றார் அவர்.

கப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். இந்த மனுஷன் தப்பித்தாரே, அடுத்த வருஷமும் நிற்பாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. டிரில் மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவர், காலங்காலமாகக் கேட்கிற அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். பதிலுக்குக்கூட அவர் நிற்கவில்லை.

"கண்டோ?"

"இல்ல சார்."

மாஸ்டர் திரும்பினார். கீப்பர் முகத்தைப் பார்த்தார். "சாரமில்லா கீப்பரே, மஞ்சல்லே. ஆரும் கண்டில்லா" என்றார், பரவாயில்லை, மஞ்சுதானே, யாரும்தான் பார்க்கவில்லை என்று. அதோடு விட்டிருக்கலாம். நான் கீப்பரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"மஞ்சு இல்ல சார். பந்து எங் கையொட்டித்தான் போச்சு. எனக்குத் தெரியல. வெயில் அடிச்சாலும் தெரியாது. போன வருசத்துலயிருந்தே தெரியல. இவன் சொல்லச் சொல்லத்தான் நிக்கேன். கோலுன்னதும் இவன் பாத்ததுதான்."

பள்ளிவாசல் பையன்கள்கூடக் குதிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் விசிலை ஊத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஊதும்போது அது பாதியில் உடைந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து எங்கள் ஆள் ஒருத்தன், "கண்ணு தெரியாதவன வெச்சா கப்பு வெளாடுதீங்க?" என்று கத்தினான். மற்றவர்கள் அவன் வாயை அடைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

மீதி ஆட்டம் எப்படி நடந்தது என்கிறீர்கள்? அதுவரை நான் ஒருத்தன்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது டீம் மொத்தமும் கத்துகிறது. "கீப்பரண்ணே எடத்த!" "அண்ணே மேல, மேல!" "விழுங்கண்ணே!" நடுவில் நிற்கிற ஃபார்வேர்டுகூடத் திரும்பி நின்று கத்துகிறான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, எல்லாவனும் சேந்து கத்தினா பந்துச் சத்தம் எப்படிலே கேக்கும்? ஒருத்தன் சொல்லுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். கடைசியாக வந்த பந்தை அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். அது வீணாகப் பிடித்த பந்துதான், தோற்றாயிற்று. ஆனால் மஞ்சுக்குள்ளிருந்து கைதட்டினார்கள், இரண்டு பக்கத்துக்காரர்களும்.

ஆட்டம் முடிந்து சற்றைக்கெல்லாம் மஞ்சு விலகி மஞ்சள் வெயில் அடித்தது. ஹெட் கிளார்க்கு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சகதியில் நடந்து வந்தார்.

"கீப்பரே, மஞ்சுல நடந்தது மஞ்சோட போச்சு. அடுத்த வருஷமும் நீர்தான். இவன் சொல்லட்டும், நீர் நில்லும். ஒரே ஒரு வருஷம்தானே? அந்த வெள்ளைக்காரனைத் தாண்டிருவோம்."

நான் கீப்பர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியென்று சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது. அவர் ஜெர்சியின் கையில் ஒட்டியிருந்த சகதியை விரலால் தடவித் தடவி எடுத்தார்.

"அவன் பாத்துல்லா நின்னான் சார்" என்றார்.

அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, யாரும் பார்க்காதபடி கல் படியில் கடைசியாகத் தனியே இறங்குவது அந்த வருஷம் முழுக்க அவர் வழக்கம். அன்றைக்குக் கூட்டம் இரண்டு பக்கமும் வழிவிட்டு நிற்கிறது. மதினி கொழுந்துக்கூடையோடு கீழே நின்று, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். அத்தனை பேர் பார்க்க, அவர் கையை நீட்டித் துழாவி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"படி வந்தாச் சொல்லுலே."

"வந்துட்டுண்ணே" என்றேன்.